வடக்குப் பாதையில் நம் பாதி



2023 ஜூலை 28 அன்று இலங்கையின் தலைமன்னாரில் ஒரு நடைபயணம் புறப்பட்டது. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ள வழியாக ஆகஸ்ட் 12 அன்று மாத்தளை போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மலையகத் தமிழர் அந்த மண்ணுக்குப் போய் 200 ஆண்டு ஆனதை ஒட்டி, முன்னோர் நடந்த தடத்திலேயே பிள்ளைகள் நடந்தார்கள்.

வெள்ளையர் அதை வடக்குப் பாதை என்றார்கள். காப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. இங்கிருந்து தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், அரிசியும் சட்டியும் தலையில் சுமந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காட்டு வழியே நாள்கணக்கில் மலைக்கு நடந்தார்கள். காலராவிலும் அம்மையிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் பாதையோரத்திலேயே கிடந்தார்கள். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை.

நடந்தவர்கள் யார்? மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, சேலம் பகுதிகளின் ஏழை மக்கள். அவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். 1985 வரை நம் மல்லாங்கிணறும் இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்தான்.

பண்ணைக் கடனிலிருந்து தப்பியவர்கள் கங்காணியின் கடனில் விழுந்தார்கள். முன்பணம், தோணிக் கூலி, வழிச்சோறு எல்லாம் தொழிலாளியின் பற்றில் ஏறியது. அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டில் கண்ட தொகையைக் கட்டும் தோட்டத்துக்கு ஆள் கைமாறினார். 1921-இல்தான் சட்டம் அதை ஒழித்தது. சாதியும் கூடவே கடல் தாண்டியது. லயத்தில் யாருக்கு எந்த வரிசையில் வீடு என்பதையும் அது தீர்மானித்தது.

1948-இல் இலங்கைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர்களை இங்கே ஊர் ‘சிலோன்காரர்’ என்றது.

மன்னார் முதல் மாத்தளை வரை அவர்கள் நடந்து காட்டிவிட்டார்கள். சேரியிலிருந்து கடற்கரை வரையான முதல் பாதி நம்முடையது. அதை நாம் இன்னும் நடக்கவில்லை.

நடப்பதற்கு முன் கேட்க வேண்டும். நம் பாட்டிகளிடமும், தாயகம் திரும்பிய குடும்பங்களிடமும் மாணவர்கள் போய் உட்கார வேண்டும். எந்த ஊர் வழியாகப் போனார்கள்? இரவு எங்கே படுத்தார்கள்? எந்தக் கிணற்றில் தண்ணீர் கிடைத்தது, எந்தக் கிணற்றில் மறுத்தார்கள்? சாலையோரக் கிணறு எல்லோருக்கும் பொதுவாக இருந்த காலமல்ல அது. அந்தப் பாதையின் உண்மையான வரைபடம் கிணறுகளின் வரைபடம்தான்.

கேட்டதை எழுதுவோம், வழியை வரைவோம். பிறகு சேர்ந்து நடப்போம்.