தொண்ணூறைத் தாண்டியவர்களை எப்படி அளப்பது?

பாலசமுத்திரத்தில் 80 வயதுக்காரர்கள் கொஞ்சம் பேரையும் 95 வயதுக்காரர்கள் கொஞ்சம் பேரையும் பார்த்துப் பேசுகிறோம்னு வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க, உடுத்த, எழுந்து நடக்க, சாப்பிட யாராவது துணைக்கு வேணுமா என்று கேட்கிறோம். ரெண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு வருகிறது. உடனே "எண்பதுக்கு மேல உடம்பு அப்படியே நின்னுடுது" என்று எழுதிவிடலாமா?

கூடாது. ஏன் கூடாது என்பதை டென்மார்க்கில் செய்த ஆய்வு ஒன்று அழகாகக் காட்டுகிறது. 1905-ல் பிறந்து 1998-ல் உயிரோடு இருந்த எல்லோரையும் அழைத்தார்கள். 92, 93 வயதில் 2,262 பேர் சேர்ந்தார்கள். அதே ஆட்களை 2000, 2003, 2005 என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். முதல் சுற்றில் பிறர் உதவி இல்லாமல் இருந்தவர்கள் 39 சதவீதம். நூறு வயதில் நடந்த கடைசிச் சுற்றில் 33 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும்.

இப்போ கடைசிச் சுற்று வரைக்கும் வந்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்து, அவர்கள் 1998-ல் எப்படி இருந்தார்கள் என்று பாருங்கள். 70 சதவீதம் பேர் தன் காரியத்தைத் தானே செய்துகொண்டிருந்தவர்கள்! அதாவது அதே மனிதர்கள் 70-லிருந்து 33-க்கு இறங்கியிருக்கிறார்கள். முடியாமல் இருந்தவர்களில் பெரும்பாலானோர் இடையிலேயே இறந்துபோனதால் கூட்டத்தின் சராசரி மட்டும் நிமிர்ந்து நின்றது. எங்க தொழிலில் இது பழகிய தொல்லைதான். செத்துப்போன சர்வர் லாக் அனுப்பாது, டேஷ்போர்டு பச்சையாகவே இருக்கும்.

இதில் ரெண்டு கணக்குமே உண்மை. ஊரில் எத்தனை முதியவர்களுக்குப் பராமரிப்பு வேணும்னு திட்டம் போடும் அரசாங்கத்துக்கு 39-ம் 33-ம் போதும். வீட்டில் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் அனுபவிப்பது 70-லிருந்து 33.

இந்தியாவிலும் இப்படி ஒன்று நடக்கிறது, சுருக்கமாக 'லாசி' என்பார்கள். மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்துகிறது. 2017-18-ல் முதல் சுற்று. 45 வயதைத் தாண்டியவர்களும் அவர்களுடைய துணைகளுமாக 72,000 பேருக்கு மேல். கேள்விகளோடு கைப்பிடி வலுவையும் நடை வேகத்தையும்கூட அளந்தார்கள். நல்ல முயற்சி. ஆனால் 45-ல் தொடங்கும் ஆய்வில் தொண்ணூறைத் தாண்டியவர்கள் சொற்பமாகத்தான் இருப்பார்கள்.

அவர்களுக்கென்று தனியாகப் பழனிப் பக்கத்தில் செய்வதாக இருந்தால் முதல் சிக்கல் வயசுதான். டென்மார்க்கில் 1968 முதல் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பதிவேடு இருக்கிறது. நம்ம பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969-ல்தான் வந்தது. அதனால் பாட்டிமார் வயது பெரும்பாலும் 80, 85, 90 என்று முழு எண்ணாகவே நிற்கும். "காந்தி பழனிக்கு வந்தப்போ எவ்வளவு பெரிய பிள்ளையா இருந்தீங்க?" என்று கேட்கலாம், அது 1946. நயா பைசா வந்தது 1957, அப்போ கல்யாணம் ஆகிவிட்டதா? இந்த மாதிரி ரெண்டு மூணு முடிச்சுப் போட்டால் ஆதார் அட்டையைவிடக் கிட்டத்தில் போய்விடலாம்.

அடுத்தது, ஆள் ஓரிடத்தில் இருக்கமாட்டார். மூணு மாசம் பெரியவன் வீடு, மூணு மாசம் உடுமலையில் சின்னவன் வீடு, நடுவில் திருப்பூரில் மகள். ரெண்டு வருஷம் கழித்துப் போனால் கதவு பூட்டியிருக்கும். அதை வெறுமனே 'தகவல் இல்லை' என்று எழுதிவிட்டால் டென்மார்க் கதைதான் இங்கேயும். இறந்துவிட்டாரா, இடம் மாறினாரா, படுக்கையில் கிடப்பதால் பேச முடியவில்லையா என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

மூணாவது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகன். "அவங்களுக்குக் காது கேக்காதுங்க, நான் சொல்றேன்." குளிக்கத் துணை வேணுமா என்பதற்கு மகன் பதில் சொல்லலாம். பிழைப்பு திருப்தியா இருக்கா என்பதற்கு அவர் எப்படிச் சொல்வார்? யார் பதில் சொன்னது என்பதற்கு ஒரு கட்டம் கண்டிப்பாக வேணும்.

புதுசாக ஆள் போட வேண்டியதுகூட இல்லை என்பது என் எண்ணம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறார்கள். அதே வீடு, அதே ஆள், திரும்பத் திரும்ப. மாத்திரை கொடுத்த கையோடு "நீங்களே குளிச்சுக்கிறீங்களா பாட்டி?" என்று கேட்டு ஒரு டிக் போட அரை நிமிஷம் ஆகும்.