பொட்டலத்துக்குள் ஒரு பெண்மணி

சங்கரன்கோவில் போய்வந்தவர்கள் கோமதி அம்மன் பிரசாதமாகப் புற்றுமண் தருவார்களே, நீங்களும் நெற்றியில் இட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பக்கத்து மானாவாரிக் காட்டில் கம்பும் மக்காச்சோளமும் விதைக்கும் சிறு குடும்பத்துப் பெண்ணுக்கோ, மண் என்றால் உர விலைதான் கவலை!

அந்தக் கவலையில் ஒரு பங்கைக் குறைக்க, வேளாண்மை டெப்போவில் ஒரு சிறு பொட்டலம் கிடைக்கிறது. பெயர் அசோஸ்பைரில்லம். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பிசறி, நிழலில் உலர்த்தி விதைப்பார்கள். வேரண்டை குடியேறும் இந்த நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்கு ஊட்டுகிறது.

இதன் அருமையை 1970-களில் உலகுக்கு உணர்த்தியவர் யார் தெரியுமா? ஜோஹன்னா டோபரைனர் என்ற பெண் விஞ்ஞானி. 1924-ல் செக்கோஸ்லோவாகியாவில் பிறந்தவர். யுத்தத்தில் ஊரை இழந்தார். பண்ணையில் பால் கறந்து பிழைத்தார். பிறகு படித்து, பிரேஸில் சென்று மண் ஆராய்ச்சியில் இறங்கினார். விலை உயர்ந்த தழைச்சத்து உரத்தை நம்பாமல், நுண்ணுயிரைக் கொண்டே சோயா விளைவிக்கலாம் என்றார். சந்தேகப்பட்டவர்கள் பலர். ஆனால் பிரேஸில் அந்த வழியில்தான் சென்றது, ஜெயித்தது!

2000-ல் அவர் மறைந்தார். அடுத்த முறை புற்றுமண் இடும்போது, கண்ணுக்குத் தெரியாத உயிர்களை மண்ணில் தேடிய அந்த அம்மாளையும் ஒரு கணம் நினைப்பீர்கள் அல்லவா?