வலேரியன் என்றால் எந்த வலேரியன்?

தூக்கம் வராமல் புரள்கிறவர்களின் கைபேசியைத் தேடி வரும் விளம்பரங்களில் அடிக்கடி தென்படும் பெயர் வலேரியன். ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்?’ என்று ஆர்டர் போட்டுவிடுகிறோம். டப்பாவில் வெறுமனே ‘வலேரியன் வேர்’ என்று மட்டும் இருந்தால் வாங்காமல் விடுவதே நல்லது. வலேரியானா பேரினத்தில் மட்டும் 200க்கு மேற்பட்ட செடிகள் இருக்கின்றன.

மருந்தாக அதிகம் ஆராயப்பட்டது ஐரோப்பாவின் வலேரியானா அஃபிசினாலிஸ். குட்டையான கிழங்கைச் சுற்றி மெல்லிய வேர்கள் கொத்தாக இருக்கும். காய்ந்த வேர், துவைக்காத காலுறைபோல நாறும். ஐசோவலெரிக் அமிலத்தின் வேலை அது. வலெரெனிக் அமிலம்தான் இந்தச் செடியின் அடையாளச் சத்து.

இமயமலைச் சரிவில் விளையும் தகரம் வேறு. அதன் பெயர் வலேரியானா ஜடாமான்சி. பழைய நூல்களில் வாலிச்சி. முடிச்சு முடிச்சாக, கெட்டியாக, இலை உதிர்ந்த தழும்புகளோடு இருக்கும் கிழங்கு. வலெபோட்ரியேட் என்னும் பொருட்கள் இதில் கூடுதல். மெக்சிகோவின் எடுலிஸ் வகையில் அதைவிடவும் கூடுதல். ஆய்வுக்கூடச் சோதனையில் வலெபோட்ரியேட்டுகள் செல்களைக் கொன்றிருக்கின்றன. உடலுக்குள் சீக்கிரம் சிதைந்துவிடும் என்றாலும், ஒரு செடியில் நடந்த ஆய்வைக் காட்டி இன்னொரு செடியை விற்பது சரியாகாது.

நாட்டு மருந்துக் கடைச் சடாமாஞ்சில் இன்னொரு செடி: நார்டோஸ்டாகிஸ் ஜடாமான்சி. கரும்பழுப்பாக, நார் மூடி, வால்போல இருக்கும். தகரம், சடாமாஞ்சில் இரண்டின் அறிவியல் பெயரிலும் ‘ஜடாமான்சி’ ஒட்டியிருப்பதால் குழப்பத்துக்குக் கேட்கவே வேண்டாம். பிடுங்கிப் பிடுங்கிச் சடாமாஞ்சில் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. 1997 முதல் இதன் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தோட்டத்துச் சிவப்பு வலேரியன் அழகுக்கு மட்டுமே. நீலகிரி உயரங்களிலும் வலேரியன் குடும்பத்து அரிய செடிகள் உண்டு. ஊட்டி போனவர்கள் அவற்றைத் தோண்டிக் கஷாயம் போடக் கிளம்ப வேண்டாம்.

சரி, தூக்கம் வருமா? அஃபிசினாலிஸின் குறிப்பிட்ட சாற்றுக்கு ஐரோப்பிய மருந்து முகமை ஓரளவு இடம் தருகிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு வேண்டாம் என்றது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2017 வழிகாட்டுதல். எப்படியானாலும் மயக்கம் தரும் பொருள் இது. அல்பிரசோலம் போன்ற மாத்திரையோடும் மதுவோடும் சேர்ந்தால் மயக்கம் கூடலாம். விழுங்கிவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டும். அறுவை சிகிச்சை இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்தால் அந்த விதி பார்க்காமல் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி உங்கள் உரிமை. சித்த, ஆயுர்வேத மருந்தாக விற்றால், 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 161ஆவது விதிப்படி, சேர்க்கப்பட்ட செடிகளின் தாவரவியல் பெயர்கள் லேபிளில் இருந்தாக வேண்டும். தயாரிப்பு லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதி தேதியும் வேண்டும். உணவுத் துணைப்பொருளாக விற்றால், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண்ணும் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகமும் வேண்டும். இந்த இரண்டாவது வகையில்தான் வேடிக்கை: டப்பாவின் முன்பக்கம் ‘தூக்கமின்மைக்குத் தீர்வு’, பின்பக்கம் பொடி எழுத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. நோயைக் குணப்படுத்தும் என்று சொல்ல உணவுப்பொருளுக்கு அனுமதியே கிடையாது. அந்த இரு பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். உங்கள் புகாருக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

பில், டப்பா, மீந்த மாத்திரை மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் விற்றவரிடம் எழுத்தில் முறையிடுங்கள். மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள். உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால் மருத்துவரின் சீட்டில் மாத்திரையின் பெயரையும் பேட்ச் எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அது இல்லாமல் இழப்பீடு கேட்பது கடினம்.