கொமடோர் 64 தாய்ப்பலகைப் பழுதறிதல்

கொமடோர் 64 என்பது 1982 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த 8-பிட் வீட்டுக் கணினியாகும். இதன் தாய்ப்பலகையிலுள்ள முதன்மைச் சில்லுகளைத் தயாரித்த மொஸ் டெக்னாலஜி, கொமடோர் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அச்சில்லுகள் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. நல்ல சில்லு ஒன்று கெட்டால், மாற்றுச் சில்லைப் பெரும்பாலும் மற்றொரு பழைய கணினியிலிருந்தே எடுக்க நேரிடும். ஆகவே, பழுதைத் தேடும் வரிசை முக்கியமானது.

மின்வழங்கி

முதலில் சோதிக்க வேண்டியது கணினிக்கு வெளியே தனிப் பெட்டியாக உள்ள மின்வழங்கியை. இது 5 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்தையும் 9 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தையும் தருகிறது. இதிலுள்ள மின்னழுத்தச் சீராக்கி பழுதடையும்போது, 5 வோல்ட் இணைப்பில் மின்னழுத்தம் உயர்ந்துவிடுவது உண்டு. அது 5.25 வோல்ட்டைத் தாண்டினால் சில்லுகள், குறிப்பாக நினைவகச் சில்லுகள், கெட்டுப்போகலாம். மின்வழங்கியைச் சோதிக்காமல் சில்லை மாற்றினால் புதிய சில்லும் அழியக்கூடும். எனவே, கணினியுடன் இணைப்பதற்கு முன்பே மல்டிமீட்டரால் அளக்க வேண்டும்.

9 வோல்ட் இணைப்புக்கான உருகி தாய்ப்பலகையில் உள்ளது. அது எரிந்துபோனாலும் திரை கருமையாக இருக்கலாம்.

அறிகுறிகள்

* கருந்திரை: மின்வழங்கி, உருகி, பிஎல்ஏ சில்லு, நினைவகம் ஆகியவற்றில் பழுது இருக்கலாம்.
* நீலத்திரை தோன்றி எழுத்துகள் தோன்றாமை: எழுத்துரு ரோம் சில்லு பழுதாகியிருக்கலாம்.
* சுட்டி மினுக்காமை, விசைப்பலகை இயங்காமை: முதலாம் சிஐஏ சில்லைச் சோதிக்க வேண்டும்.
* ஒலி மட்டும் இல்லாமை: சிட் ஒலிச்சில்லு அல்லது அதன் வெளியீட்டுச் சுற்றில் பழுது இருக்கலாம்.

நினைவகச் சோதனை

தொடக்ககாலத் தாய்ப்பலகைகளில் 64 கிலோபைட் நினைவகம் எட்டுச் சில்லுகளால் ஆனது. ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு பைட்டின் ஒரு பிட்டை மட்டும் வைத்திருக்கும். ஆகவே, ஒரு சில்லு கெட்டாலும் எல்லாப் பைட்டுகளும் பாதிக்கப்படும். எட்டில் ஒன்று மட்டும் மிகவும் சூடானால் அதில் பழுது இருக்கலாம். ஆனால் பிஎல்ஏ, சிட் போன்ற சில்லுகள் நல்ல நிலையிலும் சூடாகவே இயங்கும். அவற்றில் சூடு மட்டுமே பழுதின் அறிகுறியன்று.

நினைவகம் இயங்காத நிலையிலும் வேலை செய்யும் சோதனைப் பொதியுறைகள் உண்டு. அவை திரையை மினுக்கச் செய்யும் எண்ணிக்கையைக் கொண்டு பழுதான சில்லை அடையாளம் காணலாம்.

சில்லை மாற்றுதல்

பழைய பற்றாசை முழுவதும் உறிஞ்சி நீக்கிய பின்னரே சில்லை எடுக்க வேண்டும். வலிந்து இழுத்தால் பலகையின் செப்புத்தடங்கள் பெயர்ந்துவிடும். அவ்விடத்தில் சில்லுத்தாங்கியைப் பொருத்தினால், அடுத்தமுறை பற்றாசு உருக்கத் தேவையில்லை.