இரண்டு மடல்களும் ஒரு மலையும்

இங்கிலாந்து நாட்டின் மிக உயர்ந்த மலைமுடி ஸ்காஃபெல் பைக் என்பதாகும். அதன் உயரம் 978 மீட்டர். அஃதாவது 3,209 அடி. ஆயிரம் மீட்டரைக்கூட எட்டாத இக்குன்றைப் பற்றி எழுதுதற்கு என்ன இருக்கிறது என எண்ணத் தோன்றும். ஆயினும் ஆங்கில இலக்கியம் பயில்வோர் மறவாது அறிய வேண்டிய இரண்டு மடல்கள் இம்மலையில் பிறந்துள்ளன. ஒன்று 1802ஆம் ஆண்டினது. மற்றொன்று 1818ஆம் ஆண்டினது. முதல் மடலை எழுதியவர் கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ். இரண்டாம் மடலை எழுதியவர் வேர்ட்ஸ்வொர்த்தின் தங்கை டாரதி. முதல் மடல் பெரும் புகழ் பெற்றது. இரண்டாவது நெடுங்காலம் எழுதியவர் பெயரின்றியே உலவியது. மலையேறும் முறையை அறிய விரும்புவோர்க்கு இவ்விரண்டனுள் பெயரிழந்த மடலே மேலான துணை என்பது எம் கருத்து. அதனை விளக்குவதற்கு முன் மலையின் இயல்பைச் சிறிது காண்போம்.

மலையின் இயல்பு

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்பிரியாப் பகுதியில், ஏரிகளும் குன்றுகளும் செறிந்த நிலப்பரப்பு ஒன்று உண்டு. அதனை ஏரி மாவட்டம் என வழங்குவர். அது 1951இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இதன் நடுப்பகுதியிலுள்ள மலைகள் ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் உமிழ்ந்த சாம்பலாலும் குழம்பாலும் ஆகியவை. பின்னர் வந்த பனியூழிகளில் பனியாறுகள் இவற்றை அரித்தும் குடைந்தும் செங்குத்தான பாறைச் சுவர்களையும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளையும் செய்தன. மலையின் மேற்கே உள்ள வாஸ்ட் வாட்டர் என்னும் ஏரி இங்கிலாந்தின் ஏரிகளுள் மிக ஆழமானது.

இங்குள்ள பெயர்கள் சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடையார்க்கு விருந்தாகும். வடபுலத்து நார்ஸ் மக்கள் இங்கே குடியேறி வாழ்ந்தமையால், மலையைக் குறிக்கும் 'ஃபெல்', ஓடையைக் குறிக்கும் 'பெக்', காடு திருத்திய நிலத்தைக் குறிக்கும் 'த்வெய்ட்' ஆகிய சொற்கள் ஊர்ப்பெயர்களிலும் மலைப்பெயர்களிலும் இன்றும் நிலைத்துள்ளன. ஆட்சி மாறினும் மொழி மாறினும் இடப்பெயர் எளிதில் மாறுவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஸ்காஃபெல் பைக்கிற்குத் தென்மேற்கே அதன் உடன்பிறப்பெனத்தக்க மற்றொரு முடி உள்ளது. அதன் பெயர் ஸ்காஃபெல். உயரம் 964 மீட்டர். கீழிருந்து நோக்குவார்க்கு இதுவே உயர்ந்தது போலத் தோன்றும். இரு முடிகளுக்கும் இடையே மிக்கிள்டோர் என்னும் குறுகிய கணவாய் உள்ளது. 'பெருவாயில்' என்பது அப்பெயரின் பொருள். வரைபடத்தில் பார்த்தால் ஒரு முடியிலிருந்து மற்றதற்குச் சிறு நடையே என்று தோன்றும். உண்மை அதுவன்று. மிக்கிள்டோரிலிருந்து ஸ்காஃபெல் முடியை நோக்கிச் செல்லும் நேர்வழியைப் பிராட் ஸ்டாண்ட் என்னும் பாறை அடுக்கு மறித்து நிற்கிறது. சாய்ந்த படிகள் போன்ற அப்பாறைகள் கயிறின்றி ஏறுவார்க்கும் இறங்குவார்க்கும் ஒருங்கே கேடு விளைப்பவை. கோல்ரிட்ஜ் இறங்கியது இவ்வழியே என்பது அவர் மடலை ஆராய்ந்தோர் துணிபு.

கோல்ரிட்ஜின் இறக்கம்

1802ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் கெசிக் என்னும் ஊரிலுள்ள தம் இல்லத்தினின்றும் கோல்ரிட்ஜ் தனியே புறப்பட்டார். அப்போது அவர்க்கு அகவை 29. வீட்டுத் துடைப்பத்தின் குச்சிகளை உருவி எறிந்துவிட்டு அதன் காம்பையே ஊன்றுகோலாகக் கொண்டார் என்பது சுவையான செய்தி. (துடைப்பத்தை இழந்த இல்லத்தார் மகிழ்ந்திருக்கமாட்டார் என ஊகிக்கலாம்.) தோட்பையில் மாற்றுடையும் தேயிலையும் சருக்கரையும் குறிப்பேடும் இருந்தன. ஒன்பது நாள் நீண்ட அப்பயணத்தின் ஐந்தாம் நாள் அவர் ஸ்காஃபெல் முடியை அடைந்து, அங்கேயே அமர்ந்து சாரா ஹட்சின்சன் என்னும் அம்மையார்க்கு மடல் எழுதினார்.

பின்னர் இறங்கத் தொடங்கினார். மலையிலிருந்து இறங்கும்போது வழி தேடிச் சுற்றி நோக்கும் பழக்கம் தமக்கில்லை என்றும், முதலில் இறங்கத்தக்கதாய்த் தோன்றும் இடத்தில் இறங்கிவிடுவதே தம் வழக்கம் என்றும் அவரே கூறுகிறார். அவ்வாறே ஒரு பாறை விளிம்பைக் கைகளால் பற்றித் தொங்கிக் கீழுள்ள விளிம்பிற் குதித்தார். அதன்கீழ் மற்றொன்று, அதன்கீழ் இன்னுமொன்று. ஒவ்வொரு குதிப்பிலும் கைகால்கள் மிகுதியாக நடுங்கின. ஒரு கட்டத்தில், கீழே உள்ள விளிம்போ மிகக் குறுகியது. குதித்தால் பின்புறம் சாய்ந்து வீழ்தல் உறுதி. மேலே உள்ள பாறையோ மீண்டும் ஏற இயலாத உயரம். முன்னும் செல்ல இயலாது. பின்னும் மீள இயலாது. அந்நிலையில் அவர் மல்லாந்து படுத்து, தலைக்குமேல் நின்ற பாறைகளையும் விரைந்தோடும் முகில்களையும் நோக்கித் தம் நிலைக்குத் தாமே நகைத்தார். அருகே வீழ்ந்து மடிந்து அழுகிய ஆடொன்று கிடந்தது. இறுதியில் பாறையில் ஒரு பிளவைக் கண்டு, தோட்பையை ஒருபுறமாக நகர்த்திக்கொண்டு, அப்பிளவின் சுவர்களுக்கிடையே வழுக்கி இறங்கி உயிர் தப்பினார். அதற்குள் இடி முழங்கியது. அடுத்த முடியையும் ஏறும் எண்ணத்தைக் கைவிட்டு, ஆட்டுப்பட்டியில் ஒதுங்கி மழைக்குத் தப்பி, எஸ்க்டேல் பள்ளத்தாக்கை அடைந்தார்.

இன்பத்துக்காக மேற்கொள்ளப்பட்ட பாறை இறக்கம் ஒன்றின் முதற்பதிவு இதுவெனப் போற்றுவர் சிலர். அச்சத்தின் நடுவே தன் உள்ளத்தைத் தானே உற்றுநோக்கும் அவர்தம் ஆற்றல் போற்றத்தக்கதே. இலக்கியம் என்ற அளவில் அம்மடலுக்கு ஈடில்லை. ஆனால் மலைநடைக்கு வழிகாட்டியாக அதனைக் கொள்வார் அழிவர். அவர் செய்த பிழை யாது? குதித்தமை அன்று. மீண்டும் ஏற இயலாத இடத்தில் இறங்கியமையே பிழை. ஏறும்போது முடியாது எனக் கண்டால் இறங்கிவிடலாம். இறங்கும்போது ஒரு குதிப்புக்குப் பின் திரும்பும் வழி அடைபட்டுவிடுகிறது. அடுத்தடுத்த குதிப்புகள் விருப்பத்தால் நிகழ்வன அல்ல; முதற்குதிப்பு அவற்றைக் கட்டாயமாக்கிவிடுகிறது. இம்மலையில் நேரும் இடுக்கண்கள் பலவும் இவ்வகையினவே. பைக் முடியிலிருந்து மூடுபனியில் வழி தவறிப் பியர்ஸ் கில் என்னும் ஆழ்ந்த பிளவுக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்வோர் இன்றும் உளர்.

டாரதியின் ஏற்றம்

1818ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் ஏழாம் நாள் டாரதி வேர்ட்ஸ்வொர்த் இம்மலைக்குப் புறப்பட்டார். அப்போது அவர்க்கு அகவை 46. உடன் வந்தவர் ராஸ்த்வெய்ட்டில் வாழ்ந்த ஓவியர் மேரி பார்க்கர் என்னும் தோழியார். பணிப்பெண் ஒருவரும், சுமைதூக்க ஓர் ஆளும், அப்பள்ளத்தாக்கில் ஆடு மேய்க்கும் உழவர் ஒருவர் வழிகாட்டியாகவும் சென்றனர். மகளிர் மலையேறுதல் அரிதாக இருந்த காலம் அது. நீண்ட பாவாடையும் அக்காலக் காலணியுமாய் அவர்கள் நடந்ததை நினைத்தல் வேண்டும்.

அவர்கள் முதலில் குறித்த எல்லை எஸ்க் ஹாஸ் என்னும் உயர்ந்த கணவாய் மட்டுமே. அதனை அடைந்தபின் வானம் தெளிந்திருந்தமையால் மேலும் செல்ல விழைந்தனர். ஸ்காஃபெல் முடி மிக அண்மையில் இருப்பதாகத் தோன்றியது. அதனை நோக்கி நடந்தனர். சிறிது தொலைவிலேயே, இடையில் ஆழமாக இறங்கி மீண்டும் ஏறினாலன்றி அதனை அடைய இயலாது என்பதைக் கண்டுகொண்டனர். கண்டதும் எண்ணத்தை மாற்றி, பைக் என்னும் முடியைத் தேர்ந்தனர். பதினாறு ஆண்டுகளுக்கு முன் கோல்ரிட்ஜை விழுங்க இருந்த இடம் அந்த இடைவெளியை ஒட்டியதே. ஈண்டு ஒருவர் நோக்காது குதித்தார். மற்றவர் நோக்கி விலகினார். விலகியதால் டாரதிக்கு இழப்பொன்றுமில்லை. தாம் தேர்ந்த முடியே உயரத்தில் மிக்கதென அளக்கப்பட்டிருத்தலைப் பின்னர் அறிந்ததாக அவர் எழுதுகிறார்.

முடியின்மேல் புல்லின் தாள்கூட இல்லை. உறைபனியால் உடைந்த பெரும்பாறைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றின்மேல் பாசியும் கற்பூவும் படர்ந்துள்ளன. இன்றும் அவ்வாறே; கால் வைக்கும் இடமெல்லாம் கணுக்காலைத் திருப்பும் கற்களே. அன்றோ காற்று முற்றும் அடங்கியிருந்தது. உணவு பொதிந்த தாள்கூட அசையவில்லை. செவி கொடுத்தும் ஓர் ஒலியும் கேட்கவில்லை என டாரதி குறிக்கிறார். அப்போது கடற்பரப்பில் கப்பல் ஒன்றைக் கண்டதாக வியந்து கூறினார். தோழியாரும் அது கப்பலே என வற்புறுத்தினார். வழிகாட்டி வாதாடவில்லை. சிறிது நேரம் கழித்து, உங்கள் கப்பல் குதிரையாகிவிட்டது பாருங்கள் என்று அமைதியாகக் கூறினார். அது முகில்! தம் தவற்றை மறையாது நகைச்சுவையோடு பதிந்த டாரதியின் பண்பு இங்கே புலனாகிறது.

அவ்வழிகாட்டியே, வானம் ஒளியோடு விளங்கும்போதே, மழை வருமென முன்னுணர்த்தினார். அவர்கள் இறங்கத் தலைப்பட்டனர். புயல் வந்தது, ஒரு பாறையின் மறைவில் ஒதுங்கினர், அது கடந்து சென்றது. இம்மலைக்கு வடகிழக்கே அடிவாரத்திலுள்ள சீத்வெய்ட் இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களுள் மிகுமழை பெறுவது; ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர் மழை அங்குப் பெய்கிறது. ஐரிஷ் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது இம்மலைகளின்மேல்தான். ஆகவே கடற்பக்கம் நோக்கி வானத்தைப் படித்தல் இங்கே உயிர்காக்கும் கல்வி. அக்கல்வி அந்த ஆயரிடம் இருந்தது.

பெயர் மறைந்த வரலாறு

வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் ஏரி மாவட்டத்திற்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். நம் மரபில் கூறுவதாயின் அதனை உரைநடை ஆற்றுப்படை எனலாம். 1810இல் ஓவியத் தொகுதி ஒன்றின் முன்னுரையாகத் தோன்றிய அது, 1822இல் தனி நூலாயிற்று. அந்நூலில் தங்கையின் மடலைச் சில மாற்றங்களுடன் சேர்த்தார். நண்பர்க்கு எழுதிய மடலின் பகுதி என்றே குறித்தார். டாரதியின் பெயரைச் சுட்டவில்லை. படித்தோர் அதனை வேர்ட்ஸ்வொர்த்தின் எழுத்தெனவே கொண்டனர். டாரதி தம் பெயர் அச்சேறுவதை விரும்பாதவர் என்பது உண்மையே. அதனால் தமையனாரைக் கடிந்துரைக்க யாம் முற்படவில்லை. ஆயினும் கோல்ரிட்ஜின் மடல் ஒரு வீரச்செயலாக எங்கும் பேசப்பட, அதற்கு நிகரான மடல் ஒன்று ஆசிரியர் அறியப்படாமலே கிடந்தது இலக்கிய வரலாற்றிற்கு நேர்ந்த குறையன்றோ? மற்றுமொன்று: முகிலைக் கப்பலினின்று பிரித்தறிந்த ஆயரின் பெயரை அம்மடலும் கூறவில்லை.

இன்றைய நடை

முடிக்குச் செல்லும் வழிகள் பல. வாஸ்டேல் ஹெட் என்னும் மேற்கடிவாரத்திலிருந்து செல்வது குறுகியது, செங்குத்தானது. சீத்வெய்ட்டிலிருந்து செல்வது நீண்டது; காட்சி வளம் மிக்கது. எஸ்க் ஹாஸ் வழியே செல்வோர் டாரதியின் அடிச்சுவட்டிலேயே செல்கின்றனர். நடைக்காலத்தைக் கணிக்க, ஸ்காட்லாந்தைச் சார்ந்த வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது. மூன்று மைல் தொலைவுக்கு ஒரு மணி நேரம். அதனோடு இரண்டாயிரம் அடி ஏற்றத்திற்கு ஒரு மணி நேரம் கூட்டுதல் வேண்டும். வாஸ்டேலிலிருந்து ஏறத்தாழ மூன்று மைல். ஏற்றம் மூவாயிரம் அடிக்குச் சற்றுக் குறைவு. எனவே ஏறுதற்கு மட்டும் இரண்டரை மணி நேரம். ஓய்வு இதனுள் அடங்காது. திசம்பரில் பகற்பொழுதே ஏழரை மணி நேர அளவினது என்பதை இதனோடு வைத்து எண்ணுதல் வேண்டும். முடியில் வெப்பம் கடல்மட்டத்தைவிட ஆறு பாகை அளவு குறைந்திருக்கும். காற்றும் ஈரமும் சேர்ந்தால் குளிரின் கடுமை பன்மடங்காகும். வரைபடமும் திசைகாட்டியும் பயன்படுத்தத் தெரிந்தவர் ஒருவரேனும் குழுவில் இருத்தல் இன்றியமையாதது. கைப்பேசியின் மின்கலம் குளிரில் விரைந்து வற்றிவிடும். இடருற்றோர் ஒரு நிமிடத்தில் ஆறுமுறை ஊதலொலி எழுப்பி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் எழுப்புதல் அந்நாட்டு மரபு. கேட்டோர் மும்முறை ஊதி விடை கூறுவர்.

முதல் உலகப்போரில் மாண்ட அம்மாவட்டத்து ஆடவரின் நினைவாக, லெகன்ஃபீல்டு பிரபு 1919இல் இம்முடியை தேசிய அறக்கட்டளைக்கு வழங்கினார். நிலம் வைத்திருந்தார் ஒருவர் சிலை நாட்டாது மலையையே நினைவுச்சின்னமாக்கிய இச்செயல் பாராட்டுக்குரியது. இன்று பிரிட்டனின் மூன்று உயர்முடிகளை 24 மணி நேரத்தில் ஏறும் போட்டி நடையின் பொருட்டுப் பலர் நள்ளிரவிலும் இங்கே வருகின்றனர். விரைந்து வந்து விரைந்து செல்லும் அவர்களால் பாதைகள் அரிக்கப்படுகின்றன என்பது அங்குள்ளோர் குறை.

இடருற்றோரை மீட்கச் செல்வோர் ஊதியம் பெறுவோர் அல்லர். வாஸ்டேல், கெசிக் முதலிய இடங்களில் உள்ள மலைமீட்புக் குழுவினர் யாவரும் தத்தம் தொழிலை விட்டு அழைப்பு வந்ததும் ஓடிவரும் தொண்டர்கள். மக்கள் தரும் நன்கொடையால் இயங்குபவர்கள். ஸ்காஃபெல் முடிக்குச் செல்ல விரும்புவோரைப் பிராட் ஸ்டாண்டை விடுத்து, மிக்கிள்டோரிலிருந்து எஸ்க்டேல் பக்கமாக இறங்கி, ஃபாக்சஸ் டார்ன் என்னும் சிறு குளத்தின் வழியே சுற்றி ஏறுமாறு அறிவுறுத்துகின்றனர். கோல்ரிட்ஜ் நடுங்கும் கால்களோடு வந்து நின்ற அந்த மிக்கிள்டோர்க் கணவாயில் இன்று ஒரு பெட்டி வைக்கப்பட்டுள்ளது. அதனுள் இருப்பது, காயமுற்றோரைக் கிடத்திச் சுமக்கும் தூக்குப்படுக்கை.