மந்த காலத்தில் வீடு விற்றல்

1942-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சென்னைவாசிகள் பட்ட பாட்டைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அம்மாதம் 5-ந் தேதி கொழும்பின்மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. நகரில் அவசிய வேலையில்லாதவர்கள் வெளியேறுவது நலமென்று அந்நிய சர்க்கார் அறிவித்தனர். அறிவித்ததோடு நில்லாது, தங்கள் காரியாலயங்களையும் உள்நாட்டு ஊர்களுக்குக் கட்டிக்கொண்டு கிளம்பினர். காவல்காரனே முதலில் ஓடினால் குடித்தனக்காரன் என் செய்வான்? பலர் கிடைத்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டு ரயிலேறினர். கையில் ரொக்கமும் நெஞ்சில் துணிவுமுடைய சிலர் அவற்றை வாங்கிப் போட்டனர். 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுப் போயிற்று, நகரம் அழியவில்லை. போனவர்கள் திரும்பினர். 1946-ல் வாடகையைக் கட்டுப்படுத்தச் சட்டமே வேண்டியிருந்தது. குடியிருக்க வீடு அவ்வளவு அரிதாயிற்று!

இதனால் மந்த காலத்தில் விற்கவே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. கடனுக்கு வட்டி ஏறும்போது காத்திருப்பதும் நஷ்டமே. விற்பவர் தாம் வாங்கிய விலையையும் மராமத்துச் செலவையும் கூட்டி விலை சொல்லுகிறார். வாங்குகிறவருக்கு அக்கணக்கால் ஆவதென்ன? அத்தெருவில் கடைசியாக ரிஜிஸ்தரான இரண்டு மூன்று கிரயங்களே அவருக்கு அளவு. அதையொட்டியே முதலில் விலை சொல்லவேண்டும். மிகையாகச் சொல்லி மாதாமாதம் இறக்கிக்கொண்டு வந்தால், ஏதோ வில்லங்கமிருக்கிறதென்று தரகர்களே பேசத் தொடங்குவார்கள். பிறகு நியாய விலையும் கிடையாது.

சுதந்திர சர்க்காரின் வழிகாட்டி மதிப்பு செய்யும் தொல்லை வேறு. சந்தை இறங்கினாலும் அது உடனே இறங்குவதில்லை. தமிழ்நாட்டில் 2017 ஜூனில் அதை நூற்றுக்கு 33 வீதம் குறைத்தார்கள். கூடவே பதிவுக் கட்டணத்தை நூற்றுக்கு 1-லிருந்து 4 ஆக உயர்த்தினார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது இதுதான். 2023 ஜூலையில் கட்டணத்தை 2 ஆக்கியபோது மதிப்பு பழையபடி ஏறிவிட்டது. முத்திரைத் தீர்வைக்குரிய மதிப்பு விற்ற விலையைவிட நூற்றுக்குப் பத்துக்கு மேல் மிகுந்தால், கைக்கு வராத பணத்துக்கும் விற்றவர் வருமான வரிக் கணக்குக் காட்ட நேர்கிறது. இது அநீதியென்பதே நமது அபிப்பிராயம். சட்டத்தில் ஒரு வழியுண்டு: அம்மதிப்பு மிகையென்று விற்றவர் ஆட்சேபித்தால், வரி அதிகாரி வீட்டை மதிப்பீட்டு அதிகாரியின் பரிசீலனைக்கு அனுப்பலாம். வரி விதிக்கப்படுமுன்பே, எழுத்து மூலமாக, அதைக் கேட்டுவிட வேண்டும்.