பஞ்ச் வெட்டும் பொறியும் எழுத்து வடிவமைப்பும்: அமெரிக்க உலோக எழுத்து வரலாற்றில் பெண்டனின் இடம்

முன்னுரை

அமெரிக்க அச்சுத்தொழில் வரலாற்றை எழுதுவோர் 1886 சூலை 3ஆம் நாளைத் திருப்புமுனையாகக் குறிப்பர். அன்று நியூயார்க் டிரிப்யூன் நாளிதழ் அலுவலகத்தில் ஒட்மார் மெர்கந்தாலரின் லினோடைப் பொறி முதன்முறையாக வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு வரி முழுவதையும் ஒரே உலோகக் கட்டையாக வார்த்துத் தந்த அப்பொறி, எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் கைவேலையைப் பெரிதும் குறைத்தது. இவ்வரலாறு பிழையன்று, ஆயின் முழுமையானதும் அன்று. லினோடைப்புக்கு வேண்டிய எண்ணிக்கையில் எழுத்தின் மூல உருக்களைச் செய்யும் வழியை மில்வாக்கி நகரத்து எழுத்து வார்ப்பாளர் லின் பாய்ட் பெண்டன் கண்டறிந்தார். அவருடைய பஞ்ச் வெட்டும் பொறி லினோடைப்புக்குத் துணைக்கருவியாக மட்டும் நின்றுவிடவில்லை. எழுத்தை வரைபவரையும் அதை உலோகத்தில் வெட்டுபவரையும் பிரித்து, எழுத்து வடிவமைப்பு என்னும் தொழிலின் தன்மையையே அது மாற்றியது. அம்மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

கைவேலையாக எஞ்சிய முதற்கட்டம்

உலோக எழுத்து மூன்று கட்டங்களில் உருவாகிறது. உருக்குக் கோலின் முனையில் எழுத்தை இடவல மாற்றமாகப் புடைப்புருவில் வெட்டுவது முதற்கட்டம், அதுவே பஞ்ச். கடினமாக்கப்பட்ட பஞ்சைச் செம்பில் அடித்துக் குழிவுருவான மாட்ரிக்ஸைப் பெறுவது இரண்டாவது. மாட்ரிக்ஸை அச்சில் பொருத்தி, ஈயம், ஆண்டிமனி, வெள்ளீயம் கலந்த உருகிய உலோகத்தை ஊற்றி எழுத்தை வார்ப்பது மூன்றாவது.

மூன்றாம் கட்டத்தை அமெரிக்கா முன்னரே பொறிமயமாக்கிவிட்டது. டேவிட் புரூஸ் இளையவர் 1838இல் காப்புரிமை பெற்ற வார்ப்புப் பொறி கைவார்ப்பின் இடத்தைப் பிடித்தது. மின்பகுப்பு முறையால் செம்பைப் படியவைத்து மாட்ரிக்ஸ் செய்யும் வழியும் பின்னர் வந்தது. இருக்கும் எழுத்தையே மூலமாகக் கொள்ள இயன்றமையால், பிறர் எழுத்துகளைப் படியெடுப்பதற்கும் அது துணைபோயிற்று. பஞ்ச் மட்டும் கைவேலையாகவே நீடித்தது. அரமும் செதுக்குளியும் உருப்பெருக்கியும் கொண்டு, அச்சாகும் அளவிலேயே எழுத்தை வெட்டுவர். புகைக்கரி பூசித் தாளில் ஒற்றிப் பார்த்துத் திருத்துவர். ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி பஞ்ச் வேண்டும். வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி அமெரிக்கரான பி. ஆர். ஹண்டின் பொறுப்பில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் 1862இல் அச்சானபோது, உலக எழுத்து வார்ப்பு முழுவதும் இந்நிலையில்தான் இருந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம்.

பெண்டனின் நோக்கமும் விளைவும்

பஞ்ச் வெட்டும் பொறி தனி நோக்கில் பிறந்ததன்று. எழுத்துகளின் அகலங்களைச் சில அலகுகளுக்குள் அடக்கினால் வரியை நிரப்பிச் சமன்செய்வது எளிதாகும் என்பது பெண்டனின் கருத்து. அவர் 1883இல் காப்புரிமை பெற்ற 'தானே இடைவெளி அமையும் எழுத்து' அக்கருத்தின் பயன். அதற்காக எல்லா எழுத்துகளையும் எல்லா அளவுகளிலும் புதிதாக வெட்டவேண்டியிருந்தது. பஞ்ச் வெட்டும் கைவினைஞர்களோ மிகச் சிலர். இந்நெருக்கடியைத் தீர்க்க உருவாக்கிய பொறிக்கு 1885இல் காப்புரிமை கிடைத்தது. எதற்காகப் பொறி செய்யப்பட்டதோ அந்த எழுத்து விரைவில் வழக்கொழிந்தது, பொறியே நிலைத்தது.

அதன் இயக்கம் பாண்டோகிராஃப் என்னும் அளவுமாற்றுக் கருவியின் கொள்கையைச் சார்ந்தது. எழுத்தைப் பெரிய அளவில் தாளில் வரைவர். அவ்வரைபடத்திலிருந்து உலோக மாதிரியொன்றைச் செய்வர். மாதிரியின் விளிம்பைத் தொடுமுனை பின்தொடர, மறுமுனையிலுள்ள சுழலும் வெட்டுளி அதே வடிவை மிகச் சிறிதாக்கி உருக்கில் வெட்டும். ஒரே மாதிரியிலிருந்து பல அளவுகளையும், குறுக்கியும் அகற்றியும் சாய்த்தும் பல வேறுபாடுகளையும் பெறலாம்.

லினோடைப்புக்கு இப்பொறி ஏன் இன்றியமையாததாயிற்று? அப்பொறி எழுத்தைக் கோப்பதில்லை. பித்தளை மாட்ரிக்ஸ்களைக் கோத்து அவற்றின்மேல் உலோகத்தை வார்க்கிறது. ஆகவே ஒவ்வொரு பொறிக்கும் ஓரெழுத்துக்கே பல மாட்ரிக்ஸ்கள் தேவை. அவற்றை அடித்தெடுக்கும் பஞ்ச்கள் தேய்ந்தன, உடைந்தன. கைவினைஞர் வெட்டும் மாற்றுப் பஞ்ச் முந்தையதோடு அப்படியே ஒத்திருப்பதில்லை. மாதிரி கையிலிருந்தால் உடைந்த பஞ்சை அதே வடிவில் மீண்டும் பெறலாம். 1880களின் இறுதியில் லினோடைப் நிறுவனம் பெண்டனின் பொறியை வாடகைக்குப் பெற்றது.

இதில் ஒரு முரண் உண்டு. விலைப்போட்டியாலும் கோப்புப் பொறிகளின் அச்சுறுத்தலாலும் தளர்ந்த 23 எழுத்து வார்ப்படச்சாலைகள் 1892இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்னும் ஒரே நிறுவனமாக இணைந்தன. பெண்டனின் வார்ப்படச்சாலையும் அவற்றுள் ஒன்று. எழுத்து வார்ப்பாளர்களை அச்சுறுத்திய பொறிக்கு வலுவூட்டியது எழுத்து வார்ப்பாளர் ஒருவரின் கண்டுபிடிப்பே.

எழுத்துக் குடும்பங்கள்

புதிய நிறுவனம் தன் முதன்மைப் பலத்தையும் அப்பொறியிலேயே கண்டது. லின் பெண்டனின் மகன் மோரிஸ் ஃபுல்லர் பெண்டன் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று 1896இல் அங்குப் பணியேற்றார். அச்சறிஞர் தியடோர் லோ டி வின்னுக்காக, செஞ்சுரி இதழில் பயன்படுத்தும்பொருட்டுத் தந்தை 1890களில் உருவாக்கிய எழுத்தை, மகன் செஞ்சுரி எக்ஸ்பாண்டட் தொடங்கிப் பெருங்குடும்பமாக விரித்தார். கட்டடக் கலைஞர் பெர்ட்ராம் குட்ஹ்யூ வரைந்த செல்டன்ஹமும் அவ்வாறே தடித்தும் குறுகியும் சாய்ந்தும் பல கிளைகளாகப் பெருகியது. ஒரே சாயலுடைய எழுத்துகளைக் கொண்டே ஒரு விளம்பரத்தின் தலைப்பையும் உடற்பகுதியையும் அமைக்கும் வழக்கத்திற்கு இது பெருந்துணையாயிற்று.

பொறி எழுத்தின் உயிரைக் கொன்றது என்னும் குற்றச்சாட்டு பாதியே உண்மை. ஒரே மாதிரியை எல்லா அளவுக்கும் அப்படியே சுருக்கினால் சிற்றெழுத்தில் மெல்லிய கோடுகள் மங்கும்; உள்வெளிகள் அடையும். பெண்டன்கள் இதனை அறிந்து அளவுதோறும் கனத்தையும் அகலத்தையும் இடைவெளியையும் கணக்கிட்டு மாற்றினர். ஆதலின் குறை பொறியிலன்று, அக்கணக்கைக் கைவிட்டவரிடத்தே உளது. பின்னாளில் ஒளியச்சுக்கோப்பில் ஒரே மூலத்தைப் பல அளவுகளுக்கும் பயன்படுத்தியபோது இக்குறை மிகுந்து தெரிந்தது.

வடிவமைப்பாளரின் அதிகாரம் குறைந்தது என்பதே வலுவான மறுப்பு. ஃபிரெடரிக் கௌடியின் கௌடி ஓல்ட் ஸ்டைலை அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் 1915இல் வெளியிட்டது. எல்லா எழுத்துருக்களும் ஒரே அடிக்கோட்டில் நிற்கவேண்டும் என்னும் அந்நிறுவனத்தின் தர அளவுக்கிணங்க, கீழிறங்கும் எழுத்துகளின் கால்கள் குட்டையாக்கப்பட்டன. அதற்கு இசைந்ததற்காகக் கௌடி பின்னர் வருந்தினார். ஆயினும் அவர் அரத்திற்கும் செதுக்குளிக்கும் திரும்பவில்லை. 1920களின் நடுப்பகுதியிலிருந்து நியூயார்க் மாநிலத்து மார்ல்பரோவில் அதே பாண்டோகிராஃப் கொள்கையில் இயங்கும் பொறியைத் தம் பட்டறையில் நிறுவி, தம் வரைபடங்களுக்கு உரிய மாட்ரிக்ஸ்களைத் தாமே குடைந்தார். 1939 சனவரியில் நேர்ந்த தீவிபத்தில் அப்பட்டறை முற்றிலும் எரிந்துபோகும்வரை அப்பணி அங்கே நடந்தது.